முட்டை வெண்கருவும் முன்னோர் முகமும்

எங்கள் பாட்டியார் வீடு சைவ வீடு. முட்டையும் மச்சமே என்பது அங்கே சட்டம். உடல் தேற முட்டை குடிக்கவேண்டுமென்று வைத்தியர் எவரேனும் சொல்லிவிட்டால், குடிப்பவர் வேலிக்கு அப்பாற் போய்க் குடித்து, வாய் கொப்பளித்து, கால் கழுவிக்கொண்டுதான் படியேறலாம். அத்தகைய வீட்டின் உள்விறாந்தையிலே, சுவாமியறை வாசலுக்கு நேர்மேலே, பழைய படம் ஒன்று தொங்குகின்றது. பூட்டனாரின் தகப்பனார் தலைப்பாகையுடன் கதிரையில் வீற்றிருக்கின்றார். அருகே அவர் மனைவியார் நிற்கின்றார். 1890ஆம் ஆண்டை அண்டி எடுக்கப்பட்டதென்பது வீட்டாரின் கணக்கு. ஆடி அமாவாசைக்கும் சித்திராபூரணைக்கும் அந்தப் படத்துக்குச் சந்தனப் பொட்டும் பூமாலையும் உண்டு. அது முட்டையினால் ஆன படம் என்று நான் சொன்னபோது பாட்டியார் நம்பவில்லை.

அவர் நம்பாததில் வியப்பில்லை. நானும் சர்வகலாசாலை நூலகத்தில் வேறொன்றைத் தேடப்போய், தற்செயலாகவே இதனை அறிந்தேன். 1850ஆம் ஆண்டுக்குச் சில வருடங்கள் பின்னிருந்து 1890ஆம் ஆண்டு அளவும், உலகிலே தாளில் அச்சிடப்பெற்ற புகைப்படங்களிற் பெரும்பாலானவை கோழிமுட்டையின் வெண்கரு பூசிய தாளிலேயே அச்சிடப்பெற்றன. விக்ரோறியா மகாராணியாரின் முகமும், ஆபிரகாம் லிங்கனின் முகமும், அநுராதபுரத்துத் தூபிகளின் தோற்றமும் அவ்வாறே ஊரூராகச் சென்றன. இப்படங்களை அல்புமின் படங்கள் என்பர். அல்புமின் என்பது வெண்கருவிலுள்ள புரதத்தின் பெயர். அந்த வெண்கருவின் சரித்திரத்தையும், அது எவருடைய முகத்தைக் காத்தது, எவருடைய பெயரைக் கைவிட்டது என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகின்றேன்.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அவ்வாண்டிலே பிரான்சு தேசத்து டாகேர் என்பவரின் முறையும், இங்கிலாந்து தேசத்துத் தால்பற் என்பவரின் முறையும் அடுத்தடுத்து வெளிவந்தன. டாகேர் வெள்ளி முலாமிட்ட செப்புத் தகட்டிலே படம் பிடித்தார். அப்படத்தின் நுட்பம் கண்டவரை மயக்கிற்று. ஆயினும் ஒரு தகடு ஒரு படமே. அதிலிருந்து இன்னொரு பிரதி எடுக்க வழியில்லை. தால்பற்றோ தாளை நம்பியவர். உப்பு நீரிற் தோய்த்த தாளில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைப் பூசினார். 1841இல் ஒளியும் இருளும் இடம்மாறிய எதிர்ப்படத்தைத் தாளிலே எடுத்து, அதிலிருந்து வேண்டிய அளவு நேர்ப்படங்களை அச்சிடும் முறைக்கு உரிமை பெற்றார். பிரதி பல எடுக்கலாம் என்பது தால்பற்றின் வெற்றி. ஆனால் அவர் தாளிலே வெள்ளி நாருக்குள் ஊறிப் போயிற்று. கரையோரங்கள் மங்கின, கருமை ஆழமின்றிச் சாம்பல் போலிருந்தது. தகட்டின் கூர்மையும் தாளின் பெருக்கமும் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

அதனைச் சேர்த்துவைத்தவர் ஒரு புடைவை வியாபாரி. பிரான்சின் வடக்கேயுள்ள லீல் நகரத்தைச் சேர்ந்த பிளாங்கார் எவ்றார் என்பவர், 1850ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் தமது முறையை அறிவித்தார். முட்டை வெண்கருவைக் கண்ணாடியிற் பூசி எதிர்ப்படம் எடுப்பதை இரண்டொரு வருடத்திற்கு முன்னரே நியெப்ஸ் த சென் விக்ரர் என்பவர் செய்து காட்டியிருந்தார். அதனைத் தாளுக்குக் கொண்டுவந்ததே எவ்றாரின் செயல். சிறிய செயல்தான், ஆனால் அடுத்த 40 ஆண்டுகளை அது ஆண்டது.

முறை இது. முட்டைகளை உடைத்து மஞ்சட்கருவை நீக்கி, வெண்கருவிலே கறியுப்பை அல்லது அமோனியங் குளோரைட்டைச் சேர்த்து, நுரை பொங்க அடிப்பர். நுரை அடங்கித் தெளியும்வரை வைத்திருந்து, வடிகட்டித் தட்டத்தில் ஊற்றுவர். மெல்லிய தாளை அதன் மேல் மிதக்கவிட்டு மெதுவாக எடுப்பர். அடியில் ஒரு நீர்க்குமிழி அகப்பட்டுவிட்டாலும் அவ்விடத்திலே வடு விழும். பின் கொடியிலே துணி போலக் காயவிடுவர். இவ்வளவிலே தாள் பளபளப்பாகும்; ஆனால் ஒளியை இன்னும் அறியாது. ஒளியை அறியச் செய்வதற்கு, மங்கலான வெளிச்சமுள்ள அறையிலே, அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலின் மேல் மீண்டும் மிதக்கவிட வேண்டும். உப்பும் வெள்ளியும் கூடி வெள்ளிக் குளோரைட்டு உண்டாகும். வெண்கருவோடும் சிறிது வெள்ளி பிணைந்துகொள்ளும். இந்தத் தாளை நெடுநாள் வைத்திருக்க இயலாது. அன்றே பயன்படுத்தாவிட்டால் தானாகவே பழுப்பேறும்.

மிஷன் பாடசாலையின் ஆய்வுகூடத்திலே வெள்ளி நைத்திரேற்று விரலிற் பட்டு, மறுநாட் காலையில் நகமெல்லாம் கறுத்திருக்க, அது எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாமல் ஒரு கிழமை இருந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆசிரியர் சிரித்தார்; அம்மா ஏசினார். அந்தக் கறுப்பேதான் படமாகின்றது. தாளின் மீது கண்ணாடி எதிர்ப்படத்தை வைத்து, மரச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் வைத்துவிடுவர். எதிர்ப்படத்தின் தெளிந்த இடத்தால் ஒளி புகுந்த இடமெல்லாம் கறுக்கும். வெயிலுக்கு ஏற்றவாறு சில நிமிடங்களும் செல்லும், சில மணித்தியாலங்களும் செல்லும். சட்டத்தின் பின்பலகை பாதியாகத் திறக்கும். இடையிடையே திறந்து, படம் எவ்வளவு ஏறிவிட்டதென்று பார்த்துக்கொள்ளலாம். பின் பொன் குளோரைட்டுக் கரைசலில் இட்டால், செங்கல் நிறம் மாறி ஊதா கலந்த கபில நிறம் வரும். எஞ்சிய வெள்ளியுப்பைக் கரைத்து அகற்றுவதற்கு ஹைப்போ எனப்படும் சோடியந் தயோசல்பேற்று. அதன் பின் தண்ணீரிலே நெடுநேரம் கழுவல். ஆக, பாட்டியாரின் சுவரிலே இருப்பது முட்டையும் உப்பும் வெள்ளியும் பொன்னும் வெயிலும்.

வெண்கரு செய்த உபகாரம் யாதெனில், தாளின் நுண்துளைகளை மூடியதே. வெள்ளி நாருக்குள் இறங்காமல் மேற்படையிலேயே நின்றது. அதனாற் கருமை ஆழமாயிற்று. கண்ணிமையின் மயிரும் சேலையின் கரையும் தெளிந்து நின்றன. எவ்றார் அறிவித்த மறு ஆண்டே, 1851இல், இங்கிலாந்தின் ஆச்சர் என்பவர் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடி தந்த நுட்பத்தை வாங்கிக்கொள்ளத் தகுந்த தாள் ஆயத்தமாகவே இருந்தது. ஆச்சர் தமது முறைக்கு உரிமை கோராமல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, 1857இல் வறுமையிலே இறந்தார். இச்சரித்திரத்தில் இலாபம் வேறு பக்கம் போயிற்று.

பாரிஸ் நகரத்து டிஸ்டேரி என்பவர் 1854இல் ஒரே கண்ணாடித் தகட்டிலே பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அவை யாவற்றையும் ஒரே தாளில் அச்சிட்டு, வெட்டி, விசிற்றிங் காட் அளவான அட்டைகளில் ஒட்டலாம். விலை இறங்கிற்று. 1860இல் மேயோல் என்பவர் எடுத்த அரச குடும்பத்துப் படங்கள் வெளிவந்த பின்னர், அதனை வாங்கி அல்பத்திற் சேர்ப்பது இங்கிலாந்திலே ஒரு பித்தாகப் பரவிற்று. ஓவியனை அமர்த்த வசதியுள்ள பிரபுவுக்கே முகம் என்றிருந்த காலம் போய், கடைக்காரனும் தாதியும் தம் முகத்தைத் தாயாருக்கு அனுப்பத் தொடங்கினர். அமெரிக்காவிலே அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற சோஜேணர் றுரூத் என்னும் அம்மையார், தமது படத்தையே விற்று, அந்தப் பணத்திலே வாழ்ந்து, அடிமைத்தனத்துக்கு எதிராகப் பேசினார். டிஸ்டேரியோ செல்வத்தின் உச்சியைக் கண்டு, அதனை இழந்து, 1889இல் ஏழையாக மாண்டார்.

இத்தனை படங்களுக்கும் தாள் எங்கிருந்து வந்தது? அடிப்படைத் தாள் பெரும்பாலும் பிரான்சின் றீவ் ஆலையிலிருந்தும், இப்போது பெல்ஜியத்திலுள்ள மால்மெடி ஆலையிலிருந்தும் வந்தது. இரும்புத் துணிக்கை இல்லாத தூய நீர் அவ்விடங்களிற் கிடைத்தது. ஓர் இரும்புத் துணிக்கை தாளில் இருந்தாலும் முகத்திலே கரும்புள்ளி விழும். ஆரம்பத்தில் படம் பிடிப்பவர்களே முட்டை உடைத்தனர். பின்னர் அது தனிக் கைத்தொழிலாகி, ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரத்திலே குவிந்தது. அந்நகரத்து ஆலைகளுள் மிகப் பெரியது 1888ஆம் ஆண்டில் மாத்திரம் 18,674 றீம் தாள் செய்தது. ஒரு றீமுக்கு 480 தாள். ஒவ்வொரு தாளும் 46 சதமமீற்றர் அகலம், 58 சதமமீற்றர் நீளம். ஒரு றீமுக்கு 27 டசின் முட்டை. பெருக்கிப் பார்த்தேன்: ஓராண்டில் ஓர் ஆலையில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள். ஒரு முட்டைக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தாள். ஒரு தாளிலிருந்து 48 அட்டைப் படங்கள் வெட்டலாமாதலால், ஒரு முட்டை 70 பேருடைய முகத்தைத் தாங்கியது என்று கொள்ளலாம். மஞ்சட்கரு வீண்போகவில்லை. தோல் பதனிடுபவர்கள் அதனை வாங்கி, கையுறைக்கான மென்தோலைப் பதப்படுத்தினர்.

அந்த 60 இலட்சம் முட்டைகளையும் உடைத்தவை பெண்களின் கைகள். வரிசையாக அமர்ந்து, ஒவ்வொன்றாக உடைத்து, மஞ்சட்கரு சிதறாமற் பிரித்தெடுத்தவர்கள் அவர்கள். ஒரு துளி மஞ்சள் கலந்தாலும் வெண்கரு கெட்டது. வெண்கருவைப் பல நாள் புளிக்கவைத்துப் பூசினால் பளபளப்பு அதிகம் என்று கண்டபின், அந்த நாற்றத்திடையேயும் வேலை நடந்தது. ஐரோப்பாவின் சீமாட்டிகள் தங்கள் அல்பங்களுக்கு வாசனைத் திரவியம் தெளித்திருக்கலாம். தாள் பிறந்த இடத்தின் மணம் அதுவன்று.

இனி இதன் குறைபாடு. அல்புமின் படம் பிறந்து ஐந்து வருடம் ஆகுமுன்னரே, தாளிற் பதிந்த படங்கள் மங்குகின்றன என்ற முறைப்பாடு எழுந்தது. 1855இல் இலண்டன் புகைப்படச் சங்கம் இதனை ஆராய ஒரு குழு அமைத்தது. மகாராணியாரின் கணவர் அல்பேட் இளவரசர் அதற்கு 50 பவுண் கொடுத்தார். சரிவரக் கழுவாமையால் எஞ்சிய ஹைப்போவும், கந்தகமும், ஈரப்பதனும் படத்தைக் கெடுக்கின்றன என்று குழு கண்டது. ஆனால் மஞ்சளாகும் நோய்க்கு வெண்கருவே ஒரு காரணம் என்பது பின்னரே நன்கு புலப்பட்டது. வெண்கருவோடு பிணைந்துகொண்ட வெள்ளியில் ஒரு பங்கு ஹைப்போவுக்கும் கரையாமல் உள்ளேயே தங்கிவிடும். காலம் செல்லச் செல்ல, முக்கியமாக ஈரக்காற்றில், அது மஞ்சளாய்த் தோன்றும். வெண்மையாயிருக்க வேண்டிய நெற்றியும் வேட்டியும் முதலிற் பழுக்கும். படத்துக்கு அழகு கொடுத்த பொருளே அதனை அரிக்கும் பொருளுமாயிற்று. 1880களின் பிற்பகுதியிலிருந்து ஜெலற்றின் தாள்களும் கொலோடியன் தாள்களும் வந்து, முட்டைத் தாளை மெல்ல மெல்லத் தள்ளிவிட்டன.

இக்கலை இலங்கைக்கும் வந்தது. யோசெப் லோற்றன் என்பவர் 1870, 1871ஆம் ஆண்டுகளில் அரசாங்கத்துக்காக அநுராதபுரம், பொலனறுவை, சீகிரியா ஆகிய இடங்களைப் படம் பிடித்தார். காடு வெட்டி முடியாத காலத்து இடிபாடுகளை அவர் படங்களில் இன்றும் காணலாம். கொழும்பில் ஸ்கீன் கம்பனியாரும், கண்டியில் ஸ்கோவன் என்பவரும் பிரயாணிகளுக்குப் படம் விற்றனர். ஆனால் நான் நின்று பேச விரும்புவது ஓர் அம்மையாரைப் பற்றி.

ஜூலியா மார்கரற் கமரன் என்ற அந்த அம்மையார் 1815இல் கல்கத்தாவிலே பிறந்தவர். கோல்புறூக் கமரன் சீர்திருத்தம் 1833 என்று நாம் சரித்திர வகுப்பில் மனனஞ் செய்தோமே, அந்தக் கமரனின் மனைவியார். (கமரன் என்ற பெயருக்கும் கமராவுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை, பெயர் ஒத்தது தற்செயல்.) 48 வயதிலே, மகள் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டு, வைற் தீவிலுள்ள தமது வீட்டில் இக்கலையைத் தொடங்கினார். நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கண்ணாடிக் கூரையிட்ட கோழிக்கூட்டைப் படம் பிடிக்கும் மண்டபம் ஆக்கினார். கோழிகளைத் திறந்துவிட்டதாகவும், அவற்றை ஒருவரும் தின்றிருக்கமாட்டார்களென நம்புவதாகவும் அவரே எழுதியிருக்கின்றார். முட்டைத் தாளில் அச்சிடப்போகின்றவர் கோழிகளை வெளியேற்றிய விசித்திரத்தை அவர் எண்ணினாரோ அறியேன். நான் எண்ணிச் சிரித்தேன்.

அவர் எடுத்த முகங்கள் உலகப் புகழ் பெற்றவை: கவிஞர் தெனிசன், விஞ்ஞானி டார்வின், வானியல் அறிஞர் ஹேர்ஷல். ஹைப்போ வெள்ளியுப்பைக் கரைக்கும் என்பதை 1819இலேயே கண்டறிந்தவர் இந்த ஹேர்ஷல்தான். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைத் தேவமாதாவாக நிறுத்தியும் பல படங்கள் எடுத்தார். பணிப்பெண்ணாயினும் அவள் பெயர் நமக்குக் கிடைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

1875இல் கமரன் தம்பதிகள் தங்கள் கோப்பித் தோட்டங்களும் மைந்தரும் இருந்த இலங்கைக்கு வந்தனர். மரப் பெட்டிகளோடு தமக்கான இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தனர் என்பது பிரசித்தமான கதை. களுத்துறையிலே வசித்தபோது, 1877இல், மரியான் நோர்த் என்ற ஓவிய அம்மையார் விருந்தாகச் சென்றார். அவரைத் தென்னோலைகளுக்கிடையே வெயிலில் நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி சொல்லிக் கமரன் அம்மையார் படம் எடுத்தாராம். உள்ளூர் மனிதர் ஒருவரின் முதுகு மிக அழகாயிருந்ததென்பதற்காக, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார் என்றும் நோர்த் எழுதியிருக்கின்றார். அந்த மனிதரின் முதுகு இலக்கியத்திலே இடம்பெற்றது, பெயர் இடம்பெறவில்லை.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை 30க்கும் குறைவு. நாட்டுப்புறத்தாரும் தோட்டத் தொழிலாளரும் அவற்றிலே நிற்கின்றனர். 1878இல் எடுத்த ஒரு படத்தின் கீழே, களுத்துறைக் குடியானவர்கள் என்றும், பெண்ணுக்கு வயது 12 என்றும், தாமே அவள் தகப்பன் எனக் கூறும் முதியவர் தமக்கு வயது 100 என்கின்றார் என்றும் எழுதப்பட்டிருக்கின்றது. வயது உண்டு, உறவுமுறை உண்டு, வயதைப் பற்றிய ஒரு மெல்லிய சந்தேகங்கூட உண்டு. பெயர் இல்லை. ஸ்கோவன், ஸ்கீன் ஆகியோரின் விற்பனைப் படங்களிலும் ‘தமிழ்ப் பெண்’ என்பது போன்ற தலைப்பே கண்டோம். டார்வினுக்குப் பெயர், தேயிலைக் கொழுந்து பறிப்பவளுக்குச் சாதி. அவ்வம்மையாரின் கலையிலே எனக்குப் பெருமதிப்பு உண்டு. அந்த முதியவரின் முகத்தையும் டார்வினின் முகத்தைப் போலவே கவனித்துத்தான் எடுத்தார். ஆயினும் கவனிப்பு கண்ணோடு நின்றுவிட்டது.

கமரன் அம்மையார் 1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் டிக்கோயாவிலே காலமானார். கணவர் மறு ஆண்டு இறந்தார். இருவரும் பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்திலே அடக்கஞ் செய்யப்பட்டனர். கல்லிலே பெயர் உண்டு.

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்க்கவேண்டும். நமது பிதிர்தர்ப்பணத்திலே தகப்பன், பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கின்றோம். தாய்வழிக்கும் அவ்வாறே. நான்காந் தலைமுறையின் பெயர் நாவிலிருந்து இறங்கிவிடுகின்றது. படம் ஒன்று இருந்தால் முகம் மாத்திரம் நிற்கும். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பாட்டியாரின் அனுமதியோடு அந்தப் படத்தை இறக்கிப் பூதக்கண்ணாடியாற் பார்த்தேன். மெல்லிய பளபளப்பின் கீழே தாளின் நார் தெரிந்தது. மேற்படையிலே மயிரிழை போன்ற வெடிப்புகள். தலைப்பாகையின் வெண்மை பழுத்திருந்தது. அல்புமின் படமே என்பதில் ஐயமில்லை. ஸ்ரூடியோவின் பெயர் இருந்த அட்டையின் ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஈரச் சுவரோடு ஒட்டாமல், பின்னே இடைவெளி விட்டு, வெயில் படாத பக்கத்துச் சுவரில் மாட்டவேண்டும் என்று சொன்னேன்.

பாட்டியார் கேட்டது வேறு. “உண்மையா முட்டையோ, மோனை?”

“ஓம் அம்மம்மா.”

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு செம்பிலே மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, படத்திற் படாமல் சுவரிலே தெளித்தார். “இவ்வளவு காலமும் தெரியாமல் கும்பிட்டம். இருந்திட்டுப் போகட்டும்” என்றார்.

படத்தின் பின்னட்டையில் எழுதுவதற்குப் பென்சிலை எடுத்தேன், மையென்றால் ஊறிவிடும். பூட்டனாரின் தகப்பனாருடைய பெயர் காணி உறுதியில் இருந்தது, அதனை எழுதினேன். நிற்கின்ற அம்மையாரின் பெயர் என்ன என்று கேட்டேன். பாட்டியார் யோசித்தார். அயலிலுள்ள இரண்டு முதியவர்களிடமும் போய்க் கேட்டுவந்தார்.

“பெரியாச்சி எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை” என்றார்.

அவ்வாறே எழுதினேன்.